செவிலிய உதவியாளர் பயிற்சி: முதல் பாடம் கட்டிலருகே தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒரே மாதிரியான சுவரொட்டிகள் முளைத்துவிடுகின்றன. 10-ஆம் வகுப்பில் தேறியிருந்தாலும் தவறியிருந்தாலும் 6 மாதத்தில் நர்சிங் அசிஸ்டன்ட் ஆகிவிடலாம், வேலை உறுதி என்று அவை சொல்கின்றன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண் ஊசியை உயர்த்திப் பிடித்திருப்பார். முதியவர் ஒருவரைக் கட்டிலில் புரட்டிப் படுக்க வைப்பதையோ, கரண்டியால் கஞ்சி ஊட்டுவதையோ காட்டும் சுவரொட்டியை நான் இதுவரை கண்டதில்லை. 34 ஆண்டுகள் அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், கோளாறு அந்தப் படத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று கருதுகிறேன். அதனால்தான் இக்கடிதம்.

சென்ற ஆண்டு என் மூத்த அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. அண்ணி தனியாகச் சமாளிக்க முடியாததால், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் மூலம் 19 வயதுப் பெண் ஒருவரைப் பகல் நேரத்துக்கு அமர்த்தினார்கள். பயிற்சிச் சான்றிதழ் வைத்திருந்தார், பொறுமையானவர், அண்ணனைத் தாத்தா என்று வாய் நிறைய அழைத்துப் பேசுபவர். நான் மூன்று வாரம் கழித்துத்தான் போய்ப் பார்க்க முடிந்தது. பேச்சுவாக்கில் கேட்டபோது, தசையில் ஊசி போடும் இடங்களைத் தடையின்றிச் சொன்னார். ஆன்டிபயாடிக் மருந்துகளின் பெயர்களில் ஏழெட்டை ஒப்பித்தார். பிறகு அண்ணனை ஒருக்களிக்க வைத்து வேட்டியை விலக்கிப் பார்த்தேன். முதுகெலும்பு முடியும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் உரிந்து ஈரமாக இருந்தது. "இதைப் பார்த்தாயா அம்மா?" என்று கேட்டேன். "பார்த்தேன் மேடம், வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன்" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தரவில்லையா என்றதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "நோட்டில் எழுதியிருக்கிறேன் மேடம். எப்படித் திருப்புவது என்று யாரும் செய்து காட்டவில்லை."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் பயிற்சியில் சேர்ந்த காலத்தில், முதல் பல வாரங்கள் மருந்தின் பக்கமே எங்களை அண்டவிடாமல், விரிப்பு மாற்றுவது, உடம்பு துடைத்துவிடுவது, வாய் கழுவிவிடுவது, பெட் பேன் வைத்து எடுப்பது ஆகியவற்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பிரித்துப்போட்டு மறுபடி விரிக்கச் சொன்ன வார்டு சிஸ்டரை அப்போது மனத்துக்குள் சபித்திருக்கிறேன். அந்தச் சுருக்கம் அசைய முடியாத ஒருவரின் தோலை என்ன செய்யும் என்பது பின்னால்தான் புரிந்தது.

படுக்கைப் புண்ணை மூப்பின் விளைவு என்றும் தலைவிதி என்றும் குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் பெரும்பாலான புண்கள் தடுக்கக்கூடியவை. அசையாமல் கிடப்பவரின் உடல் எடை முழுவதும் எலும்பு துருத்திய சில இடங்களில் இறங்குகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கி, அந்த இடத்துத் தசையும் தோலும் பட்டினி கிடந்து மடிகின்றன. மல்லாந்து கிடப்பவருக்கு வால் எலும்பு, குதிகால், பின்தலை, தோள்பட்டை எலும்பு ஆகியவற்றிலும், ஒருக்களித்துக் கிடப்பவருக்கு இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், காதுமடல் ஆகியவற்றிலும் இது நேரும். ஒருக்களிக்க வைக்கும்போது முழுக்கப் பக்கவாட்டில் நிறுத்தினால் எடை இடுப்பெலும்பின் மேலேயே விழும் என்பதால், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை (டிகிரி) அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும்; கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் விட வேண்டும். காற்று மெத்தை வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் திருப்புவதையே நிறுத்திவிட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மெத்தை துணை செய்யும், ஆனால் அது திருப்பிப் படுக்க வைக்காது.

நம் ஊர்ப் பயிற்சியில் அவசியம் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று இங்கே உண்டு. புண்ணின் முதல் அறிகுறி தோல் சிவப்பது, விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளிறாமல் நிற்பது என்று பாடக்குறிப்புகள் சொல்கின்றன. வெளுத்த தோலைப் பார்த்து எழுதிய விவரம் அது. மாநிறமும் கறுப்புமான நம் உடம்பில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகக்கூடும். சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதாச் சாயலோடோ தெரியலாம். நிறம் மாறாமலே அந்த இடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, சொதசொதவென்றோ இருக்கலாம். ஆகவே நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதோடு, பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுக் கையால் தொட்டும் பார்க்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்த இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளின் அன்பான வழக்கம்; ஏற்கெனவே நசுங்கிய ரத்தக்குழாய்களை அது மேலும் சிதைக்கும். பவுடரோ வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உராயும். சுத்தமாகத் துடைத்து, ஒற்றி உலர்த்தி, எடை படாமல் விடுவதும், அன்றைக்கே செவிலியருக்கோ மருத்துவருக்கோ தெரிவிப்பதும்தான் உதவியாளரின் வேலை.

நகர்த்துவதும் இதோடு சேர்ந்த பாடம். நோயாளி கால்மாட்டுப் பக்கம் சரிந்துவிட்டால் அக்குளில் கைகொடுத்து விறுக்கென்று மேலே இழுக்கிறார்கள். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பும் சதையும் மட்டும் நகர்வதால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கிழிசல் ஏற்படும். நோயாளியின் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் மடித்த பருத்தி விரிப்பு ஒன்றைப் போட்டு, இருபுறமும் இருவர் நின்று சற்றுத் தூக்கி நகர்த்தினால் இந்தச் சேதமில்லை. பயிற்சி பெறும் பெண்ணின் முதுகும் பிழைக்கும். பக்கவாதம் வந்த கையைப் பிடித்துத் தூக்குவது அதைவிடக் கொடுமை. தசை தளர்ந்த தோள்மூட்டு அந்த இழுப்பிலேயே இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி தீராது. சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்ற ஒற்றை வரியை எங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சொன்னபோது, தினமும் காலையில் தாத்தா ஏன் முனகினார் என்று இப்போதுதான் தெரிகிறது என்று கண் கலங்கினார்.

அடுத்ததாக உணவு. படுத்த நிலையில் ஊட்டுவதும், நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றுவதும் நம்மிடையே கருணைச் செயலாகவே கருதப்படுகின்றன. விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காத ஒருவருக்கு அந்த ஒரு வாய்த் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாக முடியலாம். கெட்டியான கூழைவிடப் பச்சைத் தண்ணீர்தான் ஆபத்து என்பதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. மெல்லிய திரவம் வேகமாக ஓடுவதால், தொண்டை தன்னை மூடிக்கொள்ளும் முன்பே அது இறங்கிவிடுகிறது. ஆகவே பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறன் இருக்கிறதா என்று மருத்துவர் தரப்பில் சோதித்துச் சொல்லும் வரை வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. ஊட்டலாம் என்று சொன்ன பிறகும் நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சிறு கரண்டியால், நல்ல நிலையிலுள்ள பக்கமாகக் கொடுத்து, முந்தைய வாய் விழுங்கப்பட்டதை உறுதிசெய்துகொண்டே அடுத்ததைத் தர வேண்டும். இருமல் வந்தாலோ, குரல் ஈரம் கோத்தாற்போல் களகளவென்று மாறினாலோ அப்போதே நிறுத்திவிட வேண்டும். கன்னத்துக்குள் ஒதுங்கிய பருக்கைகளைத் துடைத்தெடுத்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியே உணவு பெறுபவருக்கும் தலைமாடு 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்ற ஐயம் எழுந்தால் பால் விடாமல் செவிலியரை அழைப்பதே முறை. இந்தப் பொறுமைக்கு ஒரு வேளைக்கு 30 நிமிடம்கூட ஆகும். ஒரே உதவியாளரிடம் பத்து நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுப் பொறுமையைப் பாடமாக மட்டும் எழுதி வைப்பதில் பயனில்லை என்பதையும் மருத்துவமனை நடத்துவோர் உணர வேண்டும்.

கவனித்துச் சொல்வது என்பதைத் தனிப் பாடமாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. நாடித்துடிப்பு, வெப்பம், ரத்த அழுத்தம் ஆகியவற்றையெல்லாம் கருவிகள் காட்டிவிடுகின்றன. மூச்சு எண்ணுவதை மட்டும் மனிதர்தான் செய்ய வேண்டியிருக்கிறது, அதனால்தானோ என்னவோ அதை யாரும் செய்வதில்லை. வார்டுப் பதிவேட்டில் முப்பது நோயாளிகளுக்கும் மூச்சு 20 என்றே வரிசையாக எழுதியிருப்பதைப் பார்த்துப் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். வயது வந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தன்னை அறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். ஆகையால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நேற்று 16 ஆக இருந்தது இன்று 26 என்றால், மற்ற எண்கள் இன்னும் சரியாகவே இருந்தாலும், ஏதோ கெடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே முதல் சேதியாக இருக்கலாம்.

இதே வரிசையில் சிறுநீரையும் மலத்தையும் பார்க்கப் பழக வேண்டும். யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லும்போது வசதிக்காக அதை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்தால், பையில் கிடந்த சிறுநீர் கிருமியோடு உள்ளே திரும்பலாம். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சிறுநீர் அளவு மணிக்கு 30 மில்லிக்கும் கீழே குறைந்துகொண்டே போனால் உடனே சொல்ல வேண்டும். குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தார்போல் கறுத்து ஒட்டும் மலம் வயிற்றுக்குள் ரத்தக் கசிவைக் குறிக்கலாம், இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கலாம். எது என்று தீர்மானிப்பது உதவியாளரின் பொறுப்பில்லை, பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது அவர் பொறுப்பு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர் திடீரென வியர்த்துக் குழறிப் பேசினால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாமல் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லவும், விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் ஓடும் அறையில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் கூடாது என்று பாட்டிமாரிடம் பணிவாகச் சொல்லும் துணிச்சலையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கை கழுவுதலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். ஆனால் கையுறை போட்டுக்கொண்டால் கை கழுவ வேண்டாம் என்ற எண்ணம் புதிதாக வேரூன்றியிருக்கிறது. ஒரே கையுறையோடு நான்கு கட்டிலுக்குப் போகும் பயிலுநர் தன்னைக் காத்துக்கொள்கிறார், நோயாளிகளை அல்ல. 1847-இல் வியன்னாவின் மகப்பேறு மனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை அறையிலிருந்து வருவோர் குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பின்பே தாய்மாரைத் தொட வேண்டும் என்று ஒழுங்கு செய்தபோது பிரசவக் காய்ச்சல் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அந்தக் காலத்தில் கிருமியைப் பற்றி எவருக்கும் தெளிவாகத் தெரியாது. தெரிந்த நாம் நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும், ஏன் அவர் கட்டிலையும் மேசையையும் தொட்ட பின்பும்கூடக் கை கழுவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்ததைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஊசிக்கு வருகிறேன். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிய மாகாணம் இது. செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவுசெய்வதற்கென்று 1926-லேயே சட்டம் இயற்றிய மாகாணம். இன்றும் 2 ஆண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மருத்துவச்சி) படிப்பு, 3 ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், மருத்துவச்சி) பட்டயம், 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டம் ஆகியவற்றில் ஒன்றைப் படித்துச் செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றவரே செவிலியர் நிலையில் பணியாற்ற முடியும். குறுகிய காலப் பயிற்சி முடித்தவர் உதவியாளர். அந்தப் பெயரில் எந்தத் தாழ்வும் இல்லை. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட் என்ற பயிற்சிக்கு வகுத்த பாடங்களும் குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், ஊட்டுதல், கழிவு அகற்றுதல், பத்திரமாக இடம் மாற்றுதல் என்றே அமைந்துள்ளன. ஆனால் ஊசி போடத் தெரியும் என்றால்தான் கிளினிக்குகளில் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதால், மையங்களும் அதையே காட்டி மாணவியரைச் சேர்க்கின்றன. ஏதாவது தவறு நேர்ந்தால் சட்டத்தின் முன் தனியாக நிற்கப்போவது அந்தப் பெண்தான் என்று சேரும் நாளன்று யாரும் சொல்வதில்லை.

இந்தப் பெண்களின் தேவை குறையப்போவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியோர் 10.4 விழுக்காடு, இப்போது அது இன்னும் உயர்ந்திருக்கும் என்பதைத் தெருவில் நடந்தாலே உணரலாம். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, முதிய தம்பதியரில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவரும் சேர்ந்து சாய்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் சென்று வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கியிருப்பது பாராட்டத்தக்கது. அந்தத் திட்டத்தின் செவிலியர் வந்துபோன பிறகு அடுத்த வருகை வரை நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், திருவள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக எண்ணிய 'உழைச்செல்வான்'. மருத்துவரும் மருந்தும் முறையாகக் கிடைக்கும் வீட்டில்கூட அந்த நான்காவது கூறு பயிற்சியின்றித்தான் நிற்கிறது.

ஆகவே சுகாதாரத் துறையையும், பயிற்சி மையங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் அமைப்புகளையும் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன். எழுத்துத் தேர்வால் மட்டும் சான்றிதழ் தரக் கூடாது. கட்டிலில் படுத்திருக்கும் ஒரு மனிதரைத் திருப்பி, துடைத்து, உடை மாற்றி, உட்கார வைத்து, ஊட்டி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணிச் சொல்வதை அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். கையேடுகள் நல்ல தமிழில், நம் உடல் நிறத்தையும் நம் உணவையும் நம் வீட்டு அறைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டும். ஓய்வுபெற்ற செவிலியர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுங்கள் என்று அழைத்தால் பலர் மறுக்க மாட்டோம். மகளைச் சேர்க்கப் போகும் பெற்றோர் கட்டணத்தையும் வேலை உறுதியையும் கேட்பதற்கு முன், 6 மாதத்தில் எத்தனை நாள் வார்டில் நிற்க வைப்பீர்கள், யார் மேற்பார்வையில் என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் சொல்லத் தடுமாறும் மையத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அண்ணனின் புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. அதே பெண்தான் இன்றும் பார்த்துக்கொள்கிறார். கட்டிலுக்கு மேலே சுவரில் அவர் கையெழுத்தில், 8 மணி வலப்பக்கம், 10 மணி மல்லாந்து, 12 மணி இடப்பக்கம் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் மையத்தில் இப்போது படிக்கும் இருவரை அண்ணனின் சம்மதம் கேட்டு வீட்டுக்கு அழைத்து வந்து, விரிப்பைப் பிடித்து நகர்த்துவதைச் செய்து காட்டினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும், கட்டில் சக்கரத்தைப் பூட்டினாயா என்று கேட்க வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருநெல்வேலி.